மாப்பிள்ளை போட்ட ஓட்டைகள்

"ரெண்டே ரெண்டு ஓட்டையைப் போட்டுட்டு இதுக்குப் பேரு அடுப்பா மச்சான்? நெருப்புக்கு மூச்சு முட்டுது பாருங்க."

மாப்பிள்ளை டிரம்மைச் சுற்றி வந்து, குனிந்து, இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார். மச்சானுக்கு முகம் சுருங்கிப்போனது. பழைய எண்ணெய் டிரம்மை வாங்கி, உள்ளே எரித்துத் தேய்த்து, கால் வைத்து, கம்பித் தட்டு மாட்டி, புகையிலேயே கறி வேகும்படி தன் கையால் அவர் செய்த அடுப்பு அது. மூன்று வாரமாக அந்த டிரம்மோடுதான் குடும்பம் நடத்துகிறார் என்று அவர் மனைவியே பிறந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு அங்கேயே தங்கிவிட்டாள்.

கறி மெல்லத்தான் வேகும், ஐந்து மணி நேரமாவது ஆகும், இதன் ருசியே அதில்தான் இருக்கிறது என்று மச்சான் பொறுமையாக விளக்கினார். மாப்பிள்ளையிடம் ஐந்து மணி நேரமெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத்தான் விடுமுறை. அவர் வேலையில் அந்தப் பேச்சே கிடையாது. காய்ச்சல் என்று புளுகி லீவு போட்டுவிட்டு, மச்சான் வீட்டுக் கொல்லையில் கைலியோடு நின்றுகொண்டிருந்தார். அடுத்த வாரம் புரமோஷன் பட்டியல் வரப்போகிறது. சாயங்காலம் யாராவது நலம் விசாரிக்க வீட்டுக்கு வந்து, கதவில் பூட்டைப் பார்த்தால், பட்டியலில் அவர் பெயர் இருக்காது. ஆனாலும் ஆட்டுத் தொடையை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

"ஒரு மணி நேரத்துல வேக வச்சுக் காட்டறேன். டிரில் மெஷின் எங்க?"

"ஏங்க, எங்க அண்ணன் செஞ்சதைக் கெடுத்துடாதீங்க," என்றாள் மாப்பிள்ளையின் மனைவி.

மச்சான் பெருமூச்சு விட்டார். "விடும்மா. மாப்பிள்ளைக்குத் தெரியாத நெருப்பா?"

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியுமா? டிரம்மின் அடியில் சுற்றி வரப் பத்து ஓட்டைகள் போட்டார். சொட்டுகிற கொழுப்பைப் பிடிக்கக் கறிக்குக் கீழே மச்சான் ஒரு தட்டு வைத்திருந்தார். அது சூட்டை மறைக்கிறது என்று உருவி எறிந்தார். அதுவும் போதவில்லை. உள்ளேயிருந்து டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து, ஓட்டைகளுக்கு நேராக வைத்து, மூன்றில் திருப்பினார்.

இருபது நிமிடம் எல்லாம் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளை கால்மேல் கால் போட்டுக்கொண்டு, காற்றுக்கும் நெருப்புக்கும் உள்ள உறவைப் பற்றி மச்சானுக்குப் பாடம் எடுத்தார். பிறகு டிரம் உள்ளே உறுமத் தொடங்கியது.

"மூடியைத் திறக்காதீங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை திறந்தார். உள்ளே சொட்டியிருந்த கொழுப்பெல்லாம் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டு ஆள் உயரத்துக்கு எழும்பியது. பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி அதன்மேல் ஊற்றினார். சின்னப்பிள்ளைகூடச் செய்யாது. கொழுப்பு சீறிக்கொண்டு தெறித்ததில், மேலே வெயிலுக்குக் கட்டியிருந்த பச்சை வலை பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகை மாடியைத் தாண்டிப் போனது. மாப்பிள்ளையின் புருவத்தில் பாதி காணாமல் போயிருந்தது.

மனைவி போனை எடுத்தாள். "ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லிடலாங்க."

"போனைக் கீழ வை. வந்தா சும்மாப் போக மாட்டாங்க. எப்படிப் பிடிச்சுது, யார் யார் இருந்தாங்கன்னு ரிப்போர்ட் எழுதுவாங்க. அது நேரா மேலிடத்துக்குப் போகும். என் புரமோஷனுக்குக் கொள்ளி வைக்கறியா?"

"எங்க அண்ணன் வீட்டுக்குக் கொள்ளி வச்சுட்டீங்களே, அது பரவாயில்லையா?"

மாப்பிள்ளை வாளியும் கையுமாகக் குழாயடிக்கும் கொல்லைக்கும் ஓடினார். அவர் பனியன் கரியாகி, முகம் கரியாகி, பல் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது. வலை உருகிச் சொட்ட, மச்சான் ஃபேனை மட்டுமாவது காப்பாற்ற அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினார்.

அப்போது தீயணைப்பு வண்டியின் மணிச் சத்தம் கேட்டது. மற்றவர்கள் காதில் விழும் முன்பே மாப்பிள்ளைக்கு அது கேட்டுவிட்டது. பக்கத்து மாடிக்காரர் புகையைப் பார்த்துப் போன் செய்திருக்க வேண்டும். மானம் கப்பலேறப்போகிறது, அதுவும் மாமியார் வீட்டார் முன்னால்.

"மச்சான், நான் இங்க வரவே இல்லை. யாரு கேட்டாலும் அதையே சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுக் கொல்லைச் சுவரில் தாவினார். ஒரு கால் அந்தப் பக்கம் போய்விட்டது. மறு காலைத் தூக்குவதற்குள் கைலி ஓர் ஆணியில் மாட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. விட்டுவிட்டுக் குதித்தால் கைலி இல்லாமல்தான் குதிக்க வேண்டும்.

வண்டி வாசலில் வந்து நின்றது. காக்கி உடுப்புக்காரர்கள் நாலு பேர் குழாயை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்து, இரண்டே நிமிடத்தில் வலையையும் டிரம்மையும் நனைத்து அணைத்தார்கள். புகை விலகியதும், முன்னால் நின்றவர் சுவர்மேல் தொங்கியவரைப் பார்த்தார். குழாய் அவர் கையிலிருந்து நழுவியது. அப்படியே விறைத்து நின்று சல்யூட் அடித்தார்.

"ஆபீசர் ஐயா! காய்ச்சல்ல படுத்திருந்தவங்க, சுவரேறிக் குதிச்சு, எங்களுக்கு முன்னாடி வந்து தீயை அணைச்சுக்கிட்டு நிக்கிறீங்களே. உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்க நம்ம ஃபயர் ஸ்டேஷன் கொடுத்து வச்சிருக்கணும்."

ஆபீசர் நிதானமாகக் கைலியை ஆணியிலிருந்து விடுவித்து, உள்பக்கமாகவே இறங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஃபேனோடு நின்ற மச்சானை முறைத்தார்: "யாருய்யா இந்த வீட்டுக்காரர்?"