சேற்றில் கிடந்த ராசா

மொன்றியல் நகரின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் ஒரு வீட்டு வரவேற்பறையில் அந்த ஞாயிறு பகல் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்காரர் எமிலியானுஸ், மனைவி இமெல்டா, மகள் லக்சனா. தங்கள் மகன் நிஷானுக்குப் பெண் கேட்டு வந்த யோசெப்பும் மனைவி அக்னெஸும். ஆறாவது ஆள் அல்போன்சம்மா. அவரை ஒருவரும் அழைக்கவில்லை. ஆனால் கண்கண்ட சாட்சி அவர்தான்.

"பண்ணை வேலைக்கு வான் வண்டியிலை போகேக்கை பாத்தனான்," என்றார் அல்போன்சம்மா. "லொங்குய் ஊருக்கு அங்காலை, ஒரு வெட்டவெளியிலை. எமிலியானுஸ் அண்ணை சேத்துக்கை மல்லாந்து கிடந்தவர். பக்கத்திலை போத்தில். காலமை ஒன்பது மணிக்கு!"

கண்டது 2004 ஐப்பசியில். தை மாதத்துக்குள் அது கோயில் பங்கு முழுவதும் சுற்றி, யோசெப்பின் காதுக்கும் வந்துவிட்டது. சம்பந்தம் அந்தரத்தில் தொங்கியது.

யோசெப் தொண்டையைச் செருமினார். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. குடிவெறிகாரன்ரை வீட்டிலை பெண் எடுத்தவன் எண்டு நாளைக்கு ஒருத்தரும் என்னைச் சொல்லக் கூடாது. குடிக்கேல்லை எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. இப்பவே போய்ப் பங்குச் சுவாமியிட்டைக் கலியாணத் திகதி கேக்கிறன்."

எமிலியானுஸ் முதுகைக் கதிரையில் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார். பொய் சொல்வது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. விளக்கம் சொல்வதும் வழக்கமில்லை.

நாட்டுக்கூத்தில் நாலு தலைமுறையாக ராசா வேஷம் கட்டிய குடும்பம் அது. மொன்றியலுக்கு வந்த பிறகும் பங்குத் திருநாள் கூத்தில் கிரீடம் அவர் தலையில்தான். ஒருமுறை மந்திரி வேஷம் கட்டச் சொல்லிக் கேட்டதற்காக, அவருடைய தகப்பன், கூத்துப் பழக்கிய அண்ணாவியாரோடு மூன்று வருடம் பேசவில்லை.

"அல்போன்சம்மா கண்டதைத்தான் சொல்லுறா," என்றார் எமிலியானுஸ்.

இமெல்டா தலையில் கை வைத்தார். "ஐயோ, இந்த மனுசன்ரை வாய்!"

லக்சனா எழுந்தாள். அப்பாவின் கௌரவத்தால் ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் குழம்பியிருந்தன. ஒன்று, மாப்பிள்ளை வீட்டார் நேரில் வராமல் தொலைபேசியில் கேட்டதால். மற்றது, அவர்களுடைய காரில் இவருக்குப் பின் இருக்கை கொடுத்ததால். மூன்றாவதையும் விட அவள் தயாராயில்லை. வீடியோ கசட்டைப் போட்டாள்.

"மாமா, இதைப் பாத்திட்டுக் கதையுங்கோ. வெள்ளிக்கிழமை டிவியிலை போனது."

தங்கம் தேடி ஓடியவர்களைப் பற்றிய பழைய பிரபலமான கௌபோய்க் குதிரைக்காரர் தொடர் ஒன்றை மறுபடி எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். இது முதல் அத்தியாயம். இது எடுபட்டால்தான் மீதியாம். திரையில் பலகையால் கட்டிய ஒரு ஊர், தட்டில் மண் அலசும் தாடிக்காரர்கள், குளிப்பு முழுக்கு இல்லாத ஒரு கதாநாயகன்.

சாராயக் கடை வாசலில், கறுப்புக் கோட்டும் உயர்ந்த பட்டுத் தொப்பியும் மார்பில் தங்கச் சங்கிலியுமாக ஒருவர் நிமிர்ந்து நின்றார். நாலு விநாடி நின்றார். பிறகு கதாநாயகனின் குதிரைக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு, படியிலிருந்து சேற்றுக்குள் சரிந்தார். கோட்டுக்குள்ளிருந்து உருண்டு வந்த போத்தில் அவர் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

"எமிலியானுஸ் அண்ணை!" என்று கூவினார் அக்னெஸ்.

"கூட்டத்திலை நிக்க ஆள் தேடினவை. நான்தான் அப்பாவைக் கொண்டுபோய் விட்டனான்," என்றாள் லக்சனா.

யோசெப் தொடையில் தட்டிச் சிரித்தார். "அட, நடிப்போ! அல்போன்சம்மா, முதலிலை கண்ணை டொக்டரிட்டைக் காட்டும்!"

"கமெராவை ஆர் கண்டது? வான் நிண்டாத்தானே!" என்று முணுமுணுத்தபடி அல்போன்சம்மா ஒரு மீன் ரோல்ஸை எடுத்துக்கொண்டார்.

அக்னெஸுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "வெறிகாரனுக்கு ஏனப்பா பட்டுத் தொப்பியும் தங்கச் சங்கிலியும்?"

"அதுதான் டைரக்டரின்ரை மூளை. உமக்கு விளங்காது," என்றார் யோசெப்.

திகதி பேசினார்கள். ஆனி மாதத்து முதல் சனி. இமெல்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றப் போனார். எமிலியானுஸ் இனி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இருந்தார்.

யோசெப்புக்குத்தான் வாய் நிற்கவில்லை. கசட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றி அந்த இடத்தையே பார்த்தார்.

"கால் பின்னுற பின்னலைப் பாருங்கோ! சம்பந்தி, நீங்கள் பிறந்ததே வெறிகாரன் வேஷத்துக்குத்தான். இவ்வளவு காலமும் கிரீடத்தை வைச்சு உங்களைப் பழுதாக்கிப் போட்டம். கூத்துக் கமிட்டித் தலைவர் நான் சொல்லுறன், இந்தத் திருநாளுக்கு வெறிகாரன் நீங்கள். ராசாவை ஞானேந்திரனுக்குக் குடுப்பம். அவனும் கனகாலமாக் கேக்கிறான்."

எமிலியானுஸின் காது சிவந்தது. லக்சனா அதைக் கண்டாள்.

"அப்பா, வேண்டாம்," என்றாள் மெல்ல.

அவர் எழுந்து நின்றார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டினார். ராசா கொலுவுக்கு வரும்போது நிற்பதுபோலவே நின்றார்.

"வெறிகாரன் வேஷம் எங்கட பரம்பரையிலை ஒருத்தரும் கட்டினதில்லை, யோசெப். எனக்குத் தந்தது சுரங்க முதலாளி வேஷம். விழுந்தது வெறியிலை."