ஏழாம் நம்பர் டோக்கன்

ஆக்சிஜன் ஆலையில் தொட்டிக்குள் இறங்குகிறவர் தன் டோக்கனை வாயிலில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். வெளியே வந்ததும் அவரேதான் எடுக்க வேண்டும். டோக்கன் இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. இதை முப்பது வருடம் சொல்லிக்கொடுத்தவர் எஞ்சினியர் சாதிக் பாஷா.

ஒருநாள் வேலை முடிந்தும் ஏழாம் நம்பர் தொங்கியது. அந்த நம்பருக்குரிய தொழிலாளி செம்மநத்தம் செல்லப்பன் எடுக்க மறந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான் என்று நினைத்து, அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தொட்டிக்குள் உறைகுளிர்த் திரவ நைட்ரஜனைத் திறந்துவிடச் சொன்னார். உள்ளேயே இருந்த செல்லப்பன் உறைந்து செத்துப்போனான். விசாரணையில் சாதிக் பாஷா, செல்லப்பன் டோக்கன் மாட்டவேயில்லை என்று எழுதிக்கொடுத்தார்.

ஓய்வுபெற்று ஏற்காட்டில் குடியேறிய பிறகு, அந்த டோக்கன் தினமும் காலையில் குளியலறைத் தாழ்ப்பாளில் தொங்கியது. ஏரியில் எறிந்தும் வந்தது. எடுத்துப் பையில் போடுவது அவருக்குப் பழகிவிட்டது.

இன்று கடைவீதியிலிருந்து திரும்பியபோது அதே தாழ்ப்பாளில் எட்டாம் நம்பர் தொங்கியது.

"ஏனுங்க, வந்துட்டீங்களா? இன்னைக்கு நொம்பக் குளுருதுங்க" என்று மனைவி ஹசீனா குளியலறைக்குள்ளிருந்து சொன்னாள்.

"சுடுதண்ணி ஊத்திக்க, சரியாப் போயிரும்" என்றபடி, பழக்கத்தில் அதையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கதவைத் தள்ளினார். வாளித் தண்ணீர் கட்டியாக உறைந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை.