கதவுக்கு வெளிப்பக்கம்

டாக்டர் பரமேஸ்வரன் கேவினைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி ஷார்மைனிடம் எதையும் விளக்கவில்லை.

எக்ஸ்ரேயில், மூக்குக்குப் பின்னால், காற்று போகிற வழியை அடைத்துக்கொண்டு ஒரு சதைமேடு. அடினாய்டு.

ஐந்து வயது ஆரன், வாயைத் திறந்தபடி அப்பாவின் மடியில் சாய்ந்திருந்தான்.

தூக்கத்தில் அவனுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. காதுக்குள் நீர் கோத்திருக்கிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. பாலர் பள்ளி டீச்சர் அவனைப் பிடிவாதக்காரன் என்றே முடிவு கட்டிவிட்டார்.

"வளர வளர தானா சுருங்கிடும்னு சொல்றாங்களே டாக்டர்?" என்றான் கேவின். கிள்ளானில் பாதி சொந்தக்காரர்கள் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

பதில் ஷார்மைனிடமிருந்து வந்தது.

"சுருங்கும் லா கேவின். அதுவரைக்கும் இவன் காது தாங்காது. மூக்குக்கு ஸ்பிரே எல்லாம் அடிச்சுப் பாத்தாச்சு. எடுத்திடலாம்."

குரலில் துளி நடுக்கம் இல்லை. மயக்க மருந்து, ரத்தக் கசிவு, மறுநாள் தொண்டை வலி, எல்லாவற்றையும் அவளே சொல்லி முடித்தாள். கேட்கக் கேட்கக் கேவினின் முகம் தெளிந்தது. தலையாட்டினான்.

வெள்ளிக்கிழமை காலை என்று முடிவானது.

டாக்டர் இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். "ஆபரேஷன் தியேட்டருக்குள்ள வந்து நிக்கிறியா, ஷார்மைன்? கத்திய மட்டும் தொடக்கூடாது."

"வேணாம் டாக்டர். அன்னிக்கு நான் வெளியவே இருக்கேன்."

அதே தியேட்டரில் எத்தனையோ பிள்ளைகளின் அடினாய்டை அறுத்தெடுத்தவள் அவள். முடிந்ததும் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வெளியே வருவாள். காத்திருக்கும் பெற்றோர் சட்டென்று எழுந்து நிற்பார்கள். நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட்டு, அடுத்த பிள்ளைக்காக உள்ளே போய்விடுவாள்.

அவர்கள் எதில் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

கேவின் மகனைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனான். இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, ஷார்மைன் மட்டும் மாடியேறினாள்.

தியேட்டர் கதவுக்கு எதிரே, சுவரோடு சேர்த்துப் போட்ட நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அந்நேரம் யாரும் இல்லை.

ஒன்றில் உட்கார்ந்து, கதவைப் பார்த்தாள்.