இருபது சொட்டு

“அஞ்சு பேருக்கும் சேர்த்து ரெண்டு லட்சம் தர்றேன்” என்று போன வாரம் ஒரு வியாபாரி கேட்டான். “வளர்த்த பொண்ணுங்களை விக்கிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகல” என்று அவனை வாசலோடு திருப்பி அனுப்பினார் மாமனார். அந்த ஐந்து பேரும் இப்போது மாப்பிள்ளையின் கண்ணெதிரே, தண்ணீரில் அசைவற்று மல்லாந்து கிடந்தார்கள்.

ஒவ்வொன்றும் மூன்று கிலோ தேறும். முட்டை நிறைந்த வயிறு வெள்ளை வெளேரென்று மேலே தெரிந்தது. பண்ணையில் பொரிக்கும் அத்தனை மீன் குஞ்சுக்கும் இந்த ஐந்து தாய் மீன்கள்தான் ஆதாரம்.

ஒன்றின் வாலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். நனைந்த துணி மாதிரி இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு நின்றது.

நேற்று வரை குளத்தில் துள்ளிக்கொண்டிருந்தவை. காலையில் மாமனார் இந்தச் சின்னத் தொட்டிக்கு மாற்றியிருக்கிறார் என்றால், உடம்புக்கு முடியாமல் போனதால்தான் இருக்கும். தொட்டியைச் சுற்றிக் கிராம்பு வாசனை மூக்கைத் துளைத்தது. நேற்று அவன் தீவனத்தில் கலந்த எண்ணெயின் அதே வாசனை.

மாமனார் மீனுக்கு மருந்து கொடுப்பதை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. கிராம்பெண்ணெயும் ஓம எண்ணெயும் கலந்த தீவனம் போட்டால் புண் அண்டாது, மீன் வயிறாரத் தின்னும் என்பது அவர் கட்சி. கலக்கும் வேலை மாப்பிள்ளைக்கு.

“கிலோவுக்கு இருபது சொட்டு, மாப்ளே. கூடினா விஷம். எண்ணத் தெரியும்ல?” என்று முதல் நாளே கேட்டார். செல்போன் கடை வைத்து, ஒன்றரை வருடத்தில் அதை மூழ்கடித்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

“இதுலயும் கோட்டை விட்டீங்கன்னா என் பொண்ணு இங்கயே இருப்பா. நீங்க கிளம்பலாம்.” இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவனை மூன்று மாதமாகத் தூங்கவிடவில்லை.

நேற்று மாலை சொட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது மனைவியிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்தபோது எண்ணிக்கை நினைவில் இல்லை. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்துவிட்டான். முதலில் விழுந்தது எத்தனை?

அவளையே கூப்பிட்டான். “நேத்து நீ போன் பண்ணினப்ப, நான் எத்தனாவது சொட்டுல இருந்தேன்?”

“சொட்டா? பால் வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன். அதையும் மறந்துட்டுதான் வந்தீங்க. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்ல. என் துணிமணி எல்லாம் எந்தப் பெட்டியில இருக்கு?”

“எதுக்கு?”

போனை வைத்துவிட்டான். பக்கத்துச் சாமான் அறையில் தகர டப்பா உருண்டது. மாமனார் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தேடியது கிடைத்ததும் நேராக இங்கேதான் வருவார்.

செத்ததை மறைக்க முடியாது. ஆனால் திருட்டுப் போனதற்கு மாப்பிள்ளை என்ன செய்வான்? இரண்டு லட்சத்துக்காரன் அப்போதுதான் அவனுக்குத் தெய்வமாகத் தெரிந்தான்.

தீவனச் சாக்கை உதறினான். இரண்டு நடையில் ஐந்தையும் பின்கதவு வழியாகச் சுமந்துபோய், ஆற்றோடு சேரும் வாய்க்காலில் தள்ளினான். பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டான். ஓடிவந்து தொட்டியருகே அவன் நிற்பதற்கும் மாமனார் உள்ளே நுழைவதற்கும் சரியாக இருந்தது.

“மாமா, மோசம் போயிட்டோம். அந்த வியாபாரி ஆளை வச்சுத் தூக்கிட்டான். வாய்க்கால் வரைக்கும் துரத்தினேன், சிக்கல.”

மாமனார் காலித் தொட்டியைப் பார்த்தார். மாப்பிள்ளையின் நனைந்த சட்டையைப் பார்த்தார். அவர் ஒரு கையில் வெள்ளைக் கிண்ணமும் மறுகையில் சுத்தமான துண்டும் இருந்தன.

“ரெண்டு லட்சம் குடுக்கறேன்னவன் திருடுவானா, மாப்ளே?”

“அதான் மாமா எனக்கும் புரியல. செத்த மீனை வச்சு அவன் என்ன பண்ணப் போறானோ.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவன் காதிலேயே விழுந்தது. மாமனார் சிரித்தார். அதே சிரிப்பு. மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தானில் ஒட்டியிருந்த செதில் ஒன்றைக் கிள்ளி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“முட்டை எடுக்கறப்ப துள்ளாம மயங்கிக் கிடக்கட்டும்னு தொட்டித் தண்ணியில கிராம்பெண்ணெய் விட்டுட்டு, கிண்ணம் எடுக்கப் போனேன். நல்ல தண்ணி பட்டா கொஞ்ச நேரத்துல முழிச்சு நீந்திப் போயிடும்.”

பின்கதவுக்கு வெளியே, வாய்க்கால் பக்கம், கனமாக எதுவோ துள்ளி விழுந்த சத்தம் கேட்டது. மாமனார் செதிலைக் காலிக் கிண்ணத்தில் போட்டு, அதை மாப்பிள்ளை கையில் கொடுத்தார்.

“தூங்க வச்சது அஞ்சு, தொட்டியில பூஜ்யம், பாக்கி அஞ்சும் உங்க பேர்ல நிக்குது, மாப்ளே.”