பெனிட்டாவின் எடை

அவள் நழுவினாளா, நான் விட்டுவிட்டேனா? கோச் தோல்வியை அலசிக்கொண்டிருந்தபோது அமலிக்குள் இதுதான் ஓடியது. ரக்பியில் கோட்டுக்கு வெளியிலிருந்து வீசப்படும் பந்தைப் பிடிக்க, பெனிட்டாவைத் தலைக்கு மேல் தூக்குவது அவள் வேலை. போன ஆட்டத்தில் அப்படித் தூக்கியபோது கீழே விழுந்த பெனிட்டா, மருத்துவமனையில் இன்னும் கால்களை அசைக்கவில்லை.

"அடுத்த மேட்ச்ல நீ இருக்க, அமலி. இனிமே சுடரத் தூக்கு. உன் கை பலம் இங்க யாருக்கும்மா இருக்கு?" என்றார் கோச்.

சுடர் முன்னால் வந்து நின்றாள். "பெனிட்டாக்காவ விட நான் வெயிட் கம்மிதான்க்கா."

பெனிட்டாவைப் போலவே, பிடிக்கு வாகாகத் தொடையில் டேப் சுற்றியிருந்தாள். அமலி குனிந்ததும் சுடர் மூச்சை இழுத்துக்கொண்டாள். அமலி டேப்பின் நுனியைத் தேடி, மெல்லப் பிரிக்கத் தொடங்கினாள்.