முன்பல் இல்லாத மாப்பிள்ளை

முன்பல் இரண்டும் இல்லாத அந்த மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஒருநாள் ஆள் வரும் என்று சறோஜாவுக்குத் தெரியும். அது சுவிஸிலிருந்து தொலைபேசியில் வரும் என்பதைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை.

"அக்கா, நான் பெனடிக்ற், சூரிச் பக்கமிருந்து கதைக்கிறன். ஞானசேகரத்தாற்ற மகன் றஞ்சித்தைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்க வேணும். நாங்கள் இஞ்சை..."

"விளங்குது தம்பி, விளங்குது" என்று சறோஜா இடைமறித்தாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பல்லரோச் சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அவளுக்கு இது எத்தனையாவது கலியாண விசாரணை என்று நினைவில்லை. இத்தாலியின் பலெர்மோ நகரத் தமிழ்ச் சனத்துக்குள் யாருக்குக் கலியாணம் பேசினாலும், பெற்றவர்களைக் கேட்பதற்கு முன் சறோஜாவைக் கேட்பார்கள். அவள் "நல்ல குடும்பம்" என்றால் மண்டபம் பதியலாம். "எனக்கென்ன தெரியும்" என்று இழுத்தால் அவ்வளவுதான், சாதகம் வந்த வழியே திரும்பிவிடும்.

றஞ்சித்தின் விஷயத்தில் இழுப்பதாக அவளுக்கு உத்தேசமில்லை, நேரே வெட்டுவதுதான். தன் மகள் சிவானுஜாவின் சாதகத்தை அவள் வலியக் கொடுத்தனுப்பியபோது, ஞானசேகரம் உறையைக்கூடப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார். மகனுக்கு விளையாட்டில் ஒரு நிலை வரட்டுமாம்.

விளையாட்டாம்! பலெர்மோவில் ஐஸ் என்றால் சந்தையில் மீனுக்கு அடியில் கிடப்பது. இவனோ பதினைந்து வயதில் வடக்கே போல்சானோவில் மாமன் வீட்டுக்குப் போய், ஐஸில் வழுக்கி ஓடி, கருகின உளுந்து வடை போன்ற ஒரு றப்பர் துண்டைத் தடியால் அடிக்கப் பழகியவன். இப்போது இருபத்திரண்டு வயது. அந்த வடையை அடிப்பதற்கு ஒரு சின்னக் கிளப் சம்பளமும் கொடுக்கிறது. போன வருடம் டொரினோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்ததிலிருந்து ஞானசேகரம் நெஞ்சை நிமிர்த்திய நிமிர்த்தில், படியில் எதிரே வருகிறவர்கள் சுவரோடு ஒட்ட வேண்டியிருந்தது.

ஆனால் அந்தக் கிளப் இந்த மாதத்தோடு றஞ்சித்தைக் கைவிடுகிறது என்று சறோஜா அறிந்து வைத்திருந்தாள். வேறு கிளப் எடுக்காவிட்டால், அவன் திரும்பி வந்து தகப்பனோடு சேர்ந்து மொண்டெல்லோவில் இத்தாலிய எசமானி சிஞ்ஞோறா வீட்டுத் தரையைத் துடைக்க வேண்டியதுதான். அந்தக் காட்சிக்காகவே அவள் காத்திருந்தாள். இடையில் ஒரு சுவிஸ் சம்பந்தம் வந்து அவனைத் தூக்கிவிடுவதா?

"தகப்பனைக் கேட்டால், என்ர பிள்ளை தங்கம், எறும்பையும் மிதியான் எண்டுதான் சொல்லுவார். என்னைக் கேட்டபடியால் உள்ளதைச் சொல்லுறன். பெடியன் சரியான முரடன்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "எப்பிடி முரடன், அக்கா?"

சறோஜா தொடங்கினாள். இங்கே பள்ளிக்கூடத்தில் அவனைவிடப் பெரிய பெடியன்கள் மூன்று பேர் வழிமறித்ததையும், மூன்று பேரையும் தாய்மார் வந்து தூக்கிக்கொண்டு போனதையும் சொன்னாள். பிறகு, ஞானசேகரம் தேத்தண்ணி கொடுத்து இருத்திவைத்துக் காட்டிய டிவிடி. அதில் அவன் ஆளோடு ஆள் மோதிவிட்டு, பாதி நேரம் தண்டனைக் கூண்டுக்குள் குந்திக்கொண்டிருந்தான். முன்பல் போனதும் அதில்தான். விழுந்த பல்லைப் பொறுக்கிப் பயிற்சியாளரின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பவும் ஓடினான், வெட்கங்கெட்டவன்.

"ஆள் எத்தினை கிலோ இருப்பான்?"

இது சறோஜாவுக்குப் புதிது. இதுவரை விசாரித்தவர்கள் சாதகம், சம்பளம், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி எத்தனை வருடத்துக்கு இருக்கிறது என்பவற்றோடு நிறுத்திக்கொண்டார்கள். சுவிஸில் மாப்பிள்ளையையும் தராசில் வைத்துத்தான் எடுப்பார்கள் போலும்.

"தொண்ணூற்றைஞ்சுக்குக் குறையான். அவன் லிப்டில ஏறினால் மற்றவை படியாலதான் போகோணும்."

"பழைய காயம், முழங்கால் நோ, அப்பிடி ஏதும்?"

"காயமோ? பதினாலு வயசில வெஸ்பா ஸ்கூட்டர் ஒண்டோட முட்டினவன். கராஜுக்குப் போனது வெஸ்பாதான்."

தள்ளினால் திருப்பித் தள்ளுவான், விழுத்தினாலும் எழும்பி வருவான், இப்படி ஒருவனை வீட்டுக்குள் எடுத்தால் கதவு நிலைகூட மிஞ்சாது என்று சறோஜா முடித்தாள். அவள் சொல்லச் சொல்ல பெனடிக்ற் "நல்லது, நல்லது" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். பெண் வீட்டுக்காரன், அதிர்ச்சியில் வேறு சொல் வரவில்லையாக்கும் என்று அவள் இரங்கினாள்.

"பாவம் தம்பி, உங்கட பெம்பிளைப்பிள்ளை."

"எந்தப் பெம்பிளைப்பிள்ளை?" பெனடிக்ற் சிரித்தான். "நான் இஞ்சை ஐஸ் ஹொக்கி கிளப் ஒண்டில வேலை செய்யிறன், அக்கா. பெடியன்ர ஆட்டத்தை வீடியோவில பாத்திட்டம். ஆள் எப்பிடி எண்டு, சின்னனிலயிருந்து தெரிஞ்ச ஆக்களிட்டைக் கேக்கச் சொன்னவை. உப்பிடி ஒரு முரடனைத்தான் நாங்கள் ரெண்டு வருசமாத் தேடுறம். மூண்டு வருச ஒப்பந்தம், இண்டைக்கே அனுப்புறம்."

சறோஜா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

"என்ர நம்பரை உமக்கு ஆர் தந்தது?"

"றஞ்சித்தான். அப்பாவைக் கேட்டால் என்னை நல்ல பிள்ளை எண்டு சொல்லிக் காரியத்தைக் கெடுத்துப்போடுவார் எண்டவன்."