நாலாவது மூலை

கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையோரம், லாரித் தார்ப்பாய் தைக்கும் கொட்டகைக்கு வெளியே, கிழிசல் தைத்து முடித்த பெரிய கித்தான் பாயை விரிக்கிறார்கள். மெட்ராஸ் துறைமுகத்தில் நிற்கும் பழங்காலப் பாய்மரக் கப்பலுடையது. நாளை கப்பல் கிளம்புகிறது. மடிப்புகளிலிருந்து உப்பு உதிர்கிறது. தையல்காரி சம்பங்கி ஓரத்தைத் தடவிக்கொண்டே சுற்றி வருகிறாள். "நாலாவது மூலை எங்கண்ணா, வெட்டிட்டாங்களா?" "லாரிப் பாய்க்குத்தான் நாலு, இந்தக் கப்பல் பாய்க்கு மூணுதாம்மா," என்கிறார் முதலாளி திம்மப்பன். ஆடிக்காற்று அடியில் புகுந்ததும் பாய் வெயிலைக் குடித்து உப்பி எழுகிறது. அவள் பிடித்திருக்கும் மூலைக்கயிறு கையை இழுக்கிறது. குதிகால்கள் மண்ணைவிட்டு எழும்புகின்றன. காற்று கிழக்கேதான் போகிறது, கடல் இருக்கிற பக்கம். அவள் நுனிக்காலில் இழுபட்டுப் போக, பின்னால் கொட்டகை, லாரிகள், புளியமரங்கள் எல்லாம் மெல்ல விலகிப் போகின்றன. "விட்டுடும்மா, கயிறு கையை அறுத்துடும்!" என்று கத்துகிறார் திம்மப்பன். "இருங்கண்ணா, தையல் தாங்குதான்னு பாக்கறேன்." தையல் தாங்குகிறது. இன்னும் அவள் கயிற்றை விடவில்லை.